வாங்கிய ஆட்டத்துக்குள் ஒரு கடை

2017 நவம்பர் 17 அன்று 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. விலை 60 டாலர். அதற்கு முந்தைய நாளே, அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஆட்டத்துக்குள் தான் வைத்திருந்த கடையை மூடிவிட்டது. வெளியான பிறகான வருமானத் திட்டம் அந்தக் கடையை நம்பியே போடப்பட்டிருந்தது. ஆட்டம் விற்பனைக்கு வருவதற்கு முன்பே அந்தக் கடையை நிறுத்தும்படி ஆனது.

கோபம் ஒரு கணக்கில் தொடங்கியது. டார்த் வேடராகவோ லூக் ஸ்கைவாக்கராகவோ ஆட வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் 60,000 கிரெடிட் சேர்த்தாக வேண்டும். ஒரு சுற்று ஆடினால் எத்தனை கிரெடிட் கிடைக்கிறது என்று வகுத்துப் பார்த்த ஓர் ஆட்டக்காரர், ஒரு நாயகனைத் திறக்கவே ஏறத்தாழ 40 மணி நேரம் ஆடியாக வேண்டும் என்று எழுதினார். ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தை வாங்குகிறவர்களில் பலர் வேடருக்காகத்தான் வாங்குகிறார்கள். நாயகர்களைப் பாடுபட்டுத் திறப்பதில் ஒரு பெருமிதமும் சாதித்த நிறைவும் இருக்கும் என்று ரெட்டிட் தளத்தில் நிறுவனம் பதில் சொன்னது. அந்தப் பதிலுக்கு ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் விழுந்தன. அந்தத் தளத்தின் வரலாற்றில் வேறு எந்தப் பதிவும் அதுவரை அவ்வளவு எதிர்ப்பைச் சந்தித்ததில்லை.

அடுத்து நடந்ததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். நிறுவனம் இறங்கி வந்து, வேடரின் விலையை 60,000த்திலிருந்து 15,000 கிரெடிட்டாகக் குறைத்தது. செய்தித் தலைப்புகள் இதைத்தான் சொன்னன. ஆனால் அதே திருத்தத்தில் இன்னொரு எண்ணும் மாறியது. கதைப் பகுதியை முடிப்பவருக்குக் கிடைக்கவிருந்த 20,000 கிரெடிட் பரிசு 5,000 ஆனது. ஆட்டக்காரரின் செலவு குறைந்தபோது வரவும் குறைந்தது. தனியாக ஆடும் ஆர்கேட் பகுதியிலோ குறிப்பிட்ட அளவுக்கு மேல் கிரெடிட் சேர்க்கவே முடியாது. இத்தனை மணி நேரம் கழித்து வாருங்கள் என்று திரை சொல்லிவிடும். கைப்பேசியில் இலவசமாக ஆடுகிறவர்களுக்கு நன்கு பழகிய அறிவிப்பு அது. 60 டாலர் கொடுத்து வாங்கிய வட்டுக்குள்ளும் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

முழு விலைக் கன்சோல் ஆட்டங்களில் கைப்பேசி ஆட்டங்களின் உத்திகளுக்கும் ஆட்டத்துக்குள் நடக்கும் உள்விற்பனைக்கும் இடம் உண்டா என்ற விவாதம் பெரும்பாலும் பேராசை, நுகர்வோர் உரிமை, சூதாட்டம் ஆகிய மூன்றைச் சுற்றியே நடக்கிறது. மூன்றும் முக்கியமானவைதான். ஆனால் மூன்றுக்கும் அடியில் வேறொரு கேடு இருப்பதாக நினைக்கிறேன். ஆட்டத்தின் கடினத்தை நிர்ணயிக்கிறவரே அந்தக் கடினத்திலிருந்து விடுதலையையும் விற்கத் தொடங்கிவிட்டால், ஆட்டம் அலுப்பூட்டுவதில் அவருக்கு ஆதாயம் உண்டாகிவிடுகிறது. அந்த ஆதாயம் எந்தெந்த எண்களை எவ்வளவு நகர்த்தியது என்பதை வாங்கியவர் ஒருநாளும் அறிய முடியாது.

சாப்பாட்டு டோக்கன் வாங்கி இலைமுன் உட்கார்ந்தவரிடம், சாம்பார் சீக்கிரம் வர வேண்டுமானால் தனிக்காசு என்று பரிமாறுகிறவர் சொன்னால், அதன்பிறகு சாம்பார் தாமதமாவதற்கு எந்தக் காரணம் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். உண்மையிலேயே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தாலும் நம்பமாட்டார்கள்.

இலவசத்தின் ஒப்பந்தம்

ஐபோனின் ஆப் ஸ்டோர் 2008இல் திறந்தது. இலவசச் செயலிகளுக்குள்ளும் பொருள் விற்கலாம் என்று ஆப்பிள் அனுமதித்தது 2009 அக்டோபரில். அதன்பிறகு கைப்பேசி ஆட்டங்களின் பொருளாதாரமே மாறிப்போனது. 2012இல் வந்த 'கேண்டி கிரஷ் சாகா' ஐந்து உயிர்கள் தரும். தோற்றால் ஓர் உயிர் போகும், அது திரும்ப 30 நிமிடம் ஆகும். காத்திருக்கலாம், நண்பர்களிடம் கேட்கலாம், அல்லது காசு கொடுக்கலாம். ஆடுகிறவர்களில் மிகச் சிறிய பங்கினர்தான் பணம் கொடுத்தார்கள். பெரும்பாலோர் ஒரு காசும் செலவழிக்காமல் ஆடினார்கள். நிறைய செலவழிக்கும் அந்தச் சிலருக்குத் தொழில்துறை வைத்த பெயர் 'திமிங்கலம்'.

இந்த ஏற்பாட்டை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். வாசலில் கட்டணம் இல்லை. உள்ளே வந்து பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். தொந்தரவு கொடுப்பதுதான் இங்கே வருமான வழி என்பது இருதரப்பும் அறிந்த ஒப்பந்தம். அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது 2014இல் தெரிந்தது. 1997இல் கணினியில் வந்து பெயர் பெற்ற 'டஞ்சன் கீப்பர்' ஆட்டத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. பாறையில் ஒரு கட்டத்தைத் தோண்டவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இல்லையேல் காசு கொடுத்து வாங்கிய கற்களால் முடிக்க வேண்டும். காத்திருக்க வேண்டிய அளவைச் சொல்லாமல் இதை 'இலவசம்' என்று விளம்பரப்படுத்தியது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அந்த ஆண்டு தீர்ப்பளித்தது.

முழு விலை ஆட்டத்தில் அந்த ஒப்பந்தமே இல்லை. வாங்குகிறவர் வாசலிலேயே கட்டணத்தைக் கட்டிவிட்டார். அமெரிக்காவில் 60 டாலராக இருந்தது 2020க்குப் பிறகு 70 ஆனது. சோனி தன் பெரிய பிஎஸ்5 ஆட்டங்களுக்கு இந்தியாவில் வைத்த விலை 4,999 ரூபாய். ஒரு சராசரிக் குடும்பத்தில் இது மாதச் செலவுக் கணக்கையே பாதிக்கும் தொகை. பிள்ளையின் பிறந்தநாளுக்கோ தேர்வு முடிவுக்கோ யோசித்து யோசித்துத்தான் வாங்குவார்கள். அந்தத் தொகையில் ஆட்டம் முழுவதும் அடக்கம் என்றுதான் கொடுக்கிறவர் நினைக்கிறார். அப்படி நினைக்க அவருக்கு உரிமையும் இருக்கிறது.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. விடியோ கேம் தொழில் பிறந்து வளர்ந்ததே காசு போடும் இயந்திரங்களில்தானே என்பார்கள். உண்மைதான். 1985இல் ஆர்கேட்டில் வந்த 'கான்ட்லெட்' ஆட்டத்தில் எதிரி தொடாவிட்டாலும் ஆட்டக்காரரின் உயிரளவு நொடிக்கு நொடி தேய்ந்துகொண்டே போகும். காசு போட்டால் கூடும். 1990இல் வந்த 'டபுள் டிராகன் 3' ஆர்கேட் ஆட்டத்தில் வழியிலேயே கடைகள் உண்டு. காசு போட்டு அடிமுறைகளையும் கூடுதல் ஆட்களையும் வாங்கலாம். ஜப்பானியப் பதிப்பில் அந்தக் கடைகளை எடுத்துவிட்டார்கள். இன்றைய உள்விற்பனைக்கு இதைவிடத் தெளிவான முன்னோடி இல்லை. ஆனால் வீட்டுக் கன்சோல் அவ்வளவு பெரிய பொருளாக வளர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், காசுத் துளை இல்லாமல் ஆடலாம் என்பதே. ஒருமுறை வாங்கினால் விடிய விடிய ஆடலாம், தோற்றால் திரும்ப ஆடலாம். ஆர்கேட்டுக்காகக் கடுமையாக்கிய ஆட்டங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சமநிலையை மாற்றியமைக்க வேண்டியிருந்ததும் அதனால்தான். காசுத் துளையை வீட்டுக்குள் கொண்டுவருவது மரபுக்குத் திரும்புவது ஆகாது. மக்கள் எதிலிருந்து விலகி வந்தார்களோ அதற்குள் அவர்களை மறுபடி இழுப்பதாகும்.

செலவுக் கணக்கு

பெரிய ஆட்டம் செய்ய ஆகும் செலவு ஏறிவிட்டது, விலை மட்டும் பல ஆண்டுகள் 60 டாலரிலேயே நின்றது, அந்தப் பள்ளத்தை வேறு எதைக் கொண்டு நிரப்புவது என்பது நிறுவனங்களின் வாதம். செலவு ஏறியது உண்மை. 2023இல் மைக்ரோசாஃப்ட் தொடர்பான அமெரிக்க வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணத்தில் மறைப்பதற்காகப் பூசிய கறுப்பு மை சரியாக மறைக்கவில்லை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2' ஏறத்தாழ 22 கோடி டாலரிலும் 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' ஏறத்தாழ 21.2 கோடி டாலரிலும் செய்யப்பட்டவை என்று உலகம் அறிந்துகொண்டது.

இந்த இரண்டு எண்களும் நிறுவனங்களின் வாதத்துக்கு வலு சேர்ப்பதாகப் பலர் எழுதினார்கள். எனக்கு அவை எதிர்ச்சாட்சியாகத்தான் படுகின்றன. அவ்வளவு செலவில் செய்த அந்த இரண்டு ஆட்டங்களிலும் உள்கடை கிடையாது. 2022இன் 'எல்டன் ரிங்', 2023இன் 'பால்டர்ஸ் கேட் 3' ஆகியவற்றிலும் கிடையாது. உள்விற்பனை மிக அதிகமாகச் சம்பாதித்த இடம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் கால்பந்து ஆட்டம். ஃபிஃபா உள்ளிட்ட ஆட்டங்களின் 'அல்டிமேட் டீம்' பகுதியிலிருந்து 2021 நிதியாண்டில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஈட்டியது 162 கோடி டாலர். அந்த நிறுவனத்தின் மொத்த வருவாயில் இது 29 விழுக்காடு. பள்ளத்தை நிரப்பும் பணம் என்று இதைச் சொல்ல முடியாது. தனியாக ஒரு தொழில் இது.

செலவு வாதத்தில் ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் முன்பு புதிய களங்களைத் தனித்தனிப் பொதிகளாக விற்றார்கள். வாங்கியவர் ஒருபக்கம், வாங்காதவர் மறுபக்கம் என்று நண்பர்களே பிரிந்துபோனார்கள். 2015இன் முதல் 'பேட்டில்ஃபிரண்ட்' ஆட்டத்துக்கு 50 டாலர் சீசன் பாஸ் இருந்தது. அதில் நடந்ததும் இதுதான். இரண்டாம் ஆட்டத்தில் சீசன் பாஸை எடுத்துவிட்டு, களங்கள் எல்லோருக்கும் இலவசம், வருமானம் 'லூட் பாக்ஸ்' எனப்படும் பெட்டிகளிலிருந்து என்று திட்டமிட்டார்கள். நோக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. பெட்டிக்குள் என்ன வைத்தார்கள் என்பதில்தான் கெட்டது. ஆயுதத்தின் வலிமையைக் கூட்டும் அட்டைகளை வைத்தார்கள், அதுவும் குலுக்கல் முறையில். 2018 ஏப்ரலில் கடை மீண்டும் திறந்தபோது அதில் உடையும் தோற்றமும் மட்டுமே விற்கப்பட்டன, குலுக்கல் இல்லாமல். வேறொரு வழி தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனவே எல்லா உள்விற்பனையும் ஒன்றல்ல. 2006இல் 'ஆப்லிவியன்' ஆட்டத்துக்கு இரண்டரை டாலரில் குதிரைக் கவசம் விற்றபோது உலகமே கேலி செய்தது. இன்று திரும்பிப் பார்த்தால் அதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. விலை எழுதியிருந்தது, பொருள் கண்ணுக்குத் தெரிந்தது, வாங்காத குதிரை மெதுவாக ஓடவில்லை. 2016இல் 'தி விட்சர் 3' ஆட்டத்துக்கு வந்த 'பிளட் அண்ட் ஒயின்' என்ற விரிவாக்கமோ தனி ஆட்டம் அளவுக்குப் பெரியது, அதை வாங்கியவர்கள் மகிழ்ச்சியோடு வாங்கினார்கள். புதிதாக ஒன்றைச் செய்து விற்பது வியாபாரம். ஏற்கெனவே விற்ற ஆட்டத்தின் நேரத்தையும் வலிமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்து மறுபடி விற்பதுதான் பிரச்சினை.

நகரும் எண்கள்

அப்படி விற்கத் தொடங்கினால் எண்கள் நகரும் என்று நான் சொல்வது வெறும் சந்தேகம் அல்ல.

'கிரான் டூரிஸ்மோ 7' 2022 மார்ச் 4 அன்று வந்தது. கார்களை நேசிக்கிறவர்கள் கார்களை நேசிக்கிறவர்களுக்காகச் செய்த தொடர் அது. காரின் வரலாறு, இன்ஜினின் ஒலி, கதவின் வளைவு என்று ஒவ்வொன்றையும் பக்தியோடு செய்திருப்பார்கள். இம்முறை அரிய கார்களின் விலை ஒரு கோடி கிரெடிட்டையும் தாண்டியது. கடையில் 20 லட்சம் கிரெடிட் 19.99 டாலர். அந்தக் கணக்கில் ஒரு கோடி கிரெடிட் கார் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 டாலர் ஆகும். ஆட்டத்தின் விலையைவிட ஒரு காரின் விலை அதிகம். முந்தைய 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்'டில் சில டாலர் கொடுத்தால் காரையே நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். இங்கே நடுவில் ஒரு கற்பனை நாணயம் வந்துவிட்டது. கைப்பேசியிலிருந்து வந்த உத்திதான் அதுவும். டாலரில் யோசிக்கிறவர் தயங்குவார், கிரெடிட்டில் யோசிக்கிறவருக்குத் தயக்கம் குறையும்.

விமர்சகர்கள் ஆடிப் பார்த்தபோது அந்தக் கடை இயங்கவில்லை. ஆட்டம் வந்து இரண்டே வாரத்தில், மார்ச் 17 அன்று, ஒரு திருத்தம் வந்தது. அதில் பல பந்தயங்களின் பரிசுத் தொகை குறைக்கப்பட்டிருந்தது. அந்தத் திருத்தத்தோடு சேவையகங்களும் விழுந்து 30 மணி நேரத்துக்கும் மேல் எழவில்லை. தனியாக ஆடவும் இணையத் தொடர்பு கட்டாயம் என்பதால், வட்டைக் கையில் வைத்திருந்தவர்களால்கூட ஆட்டத்தின் பெரும்பகுதியை ஆட முடியவில்லை. தொடரின் தந்தையான கசுனோரி யமவுச்சி, கார்களின் விலை நிஜ உலக மதிப்பைக் காட்ட வேண்டும் என்பது தன் விருப்பம் என்றும், காசு கொடுக்காமலேயே ஆட்டக்காரர்கள் பல கார்களையும் பந்தயங்களையும் அனுபவிக்க வேண்டும் என்றும் விளக்கினார். அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே கிரெடிட் விற்கும் கடை திறந்திருக்கும்போது அந்த விளக்கத்தைக் கேட்டு யார் நம்புவார்கள்? கலைஞர் தன் கலைக்காக எடுத்த முடிவையும் கணக்கர் வருவாய்க்காக எடுத்த முடிவாக வாசிக்க வைத்துவிடுகிறது அந்தக் கடை. பிறகு மன்னிப்புக் கேட்டு, எல்லோருக்கும் 10 லட்சம் கிரெடிட் கொடுத்து, ஏப்ரலில் பரிசுத் தொகைகளை உயர்த்தினார்கள்.

'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' கதை இன்னும் நேரடியானது. 2020இல் வந்தபோது தோற்றம் சார்ந்த பொருள்களை மட்டுமே விற்போம் என்று உறுதி சொன்னார்கள். 2021 மார்ச்சில், நாயகர்கள் மேல்நிலைகளுக்கு ஏறும் வேகத்தைக் குறைத்தார்கள். சீக்கிரம் ஏறிவிடுவதால் ஆட்டக்காரர்கள் திணறுகிறார்கள் என்பது அப்போது சொன்ன காரணம். அக்டோபரில், வேகமாக ஏற உதவும் பொருள்கள் காசுக்கு விற்பனைக்கு வந்தன. எதிர்ப்பு எழுந்ததும் நவம்பரில் விற்பனையை நிறுத்தி மன்னிப்புக் கேட்டார்கள். வேகத்தைக் குறைத்ததும் வேகத்தை விற்றதும் ஒரே திட்டமா, இரு வேறு முடிவுகளா? வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. அந்த வழியில்லாமைதான் என் புகார்.

வேண்டாதவர் வாங்காமல் இருக்க வேண்டியதுதானே என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். அதற்கு ஆட்டம் செய்தவர்களே மறுப்புச் சொல்லியிருக்கிறார்கள். 2017 அக்டோபரில் வந்த 'மிடில் எர்த்: ஷேடோ ஆஃப் வார்' ஆட்டத்தின் உயிர்நாடி, எதிரிப் படைத்தலைவர்கள் நம்மை நினைவில் வைத்திருப்பது. நம்மைக் கொன்றவன் பதவி உயர்ந்து, அடுத்தமுறை எதிர்ப்படும்போது பழைய சண்டையைச் சொல்லிக் காட்டுவான். அவனைத் துரத்தி அடக்கித் தன் படையில் சேர்ப்பதில்தான் ஆட்டத்தின் இன்பம் இருக்கிறது. அந்தப் படைத்தலைவர்களைக் காசுக்குப் பெட்டியில் விற்றார்கள். 2018 ஏப்ரலில், அதைச் செய்த மோனலித் நிறுவனம், ஒருவர் எதையும் வாங்காவிட்டாலும், வாங்க முடியும் என்ற நிலையே அந்த உலகத்தில் ஒன்றுவதைக் கெடுக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஜூலையில் அந்தச் சந்தை முழுவதுமாக நீக்கப்பட்டது. கூடவே, நீண்டு இழுத்த கடைசிப் பகுதியும் சுருக்கப்பட்டது. கடை போனதும் இழுவையும் போனதைக் கவனியுங்கள்.

'டயாப்லோ 3' இதை முன்பே அனுபவித்திருந்தது. அரக்கனைக் கொன்றால் என்ன ஆயுதம் விழும் என்ற எதிர்பார்ப்பில் ஓடும் ஆட்டம் அது. 2012இல் அதனோடு ஏலச் சந்தையும் வந்தது, நிஜப் பணத்துக்கும். நல்ல ஆயுதம் வேண்டியவர் அரக்கனைத் தேடுவதை விட்டுவிட்டு ஏலப் பட்டியலைத் தேடினார். ஆட்டத்தின் அடிப்படையையே இது குலைக்கிறது என்று சொல்லி 2014 மார்ச்சில், அதைச் செய்த பிளிசார்ட் நிறுவனமே சந்தையை இழுத்து மூடியது. அங்கே குலுக்கலும் இல்லை, சூதும் இல்லை. விற்றதும் வாங்கியதும் ஆட்டக்காரர்களே. இருந்தும் ஆட்டம் கெட்டது.

ஏனென்றால் ஆட்டத்தில் பற்றாக்குறையும் ஒரு கலைப்பொருள். 'டெட் ஸ்பேஸ்' போன்ற திகில் ஆட்டத்தில் பயம் எதிரியின் உருவத்திலிருந்து மட்டும் வருவதில்லை. துப்பாக்கியில் மூன்று குண்டுதான் மிச்சம் என்ற எண்ணிலிருந்தும் வருகிறது. 2013இன் 'டெட் ஸ்பேஸ் 3'இல் ஆயுதம் செய்யும் மேசையில் நின்று, மூலப்பொருள்களை நிஜக் காசுக்கு வாங்கலாம். பொருள் பொறுக்கிவர ஒரு சிறு ரோபோவை அனுப்பினால் சில நிமிடங்கள் கழித்துத் திரும்பும். அந்த நேரத்தைச் சுருக்கவும் காசு. இருட்டுக் கப்பலில் ஓர் அரக்கன் துரத்த ஓடிவந்து மேசையருகில் நிற்கிறவருக்குக் கடன் அட்டை ஞாபகம் வந்த நொடியில் பயம் போய்விடுகிறது. 2024இன் 'டிராகன்ஸ் டாக்மா 2'இலும் இதேதான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் தாவும் வசதியை வேண்டுமென்றே அரிதாக வைத்திருந்தார்கள். பயணம் சலிப்பாக இருந்தால் ஆட்டம் சலிப்பாக இருக்கிறது என்றுதான் பொருள் என்று அதன் இயக்குநர் ஹிதேகி இட்சுனோ வெளியீட்டுக்கு முன் பேட்டியில் சொன்னார். அருமையான கொள்கை. வெளியான அன்று கேப்காம் நிறுவனத்தின் கடையில், தாவிச் சேரும் இடத்தைக் குறிக்கும் படிகக்கல் ஒன்றும் விலைக்கு இருந்தது. ஆட்டத்துக்குள்ளேயே அந்தக் கற்கள் கிடைக்கும், வாங்க வேண்டிய தேவை ஏதுமில்லை. ஆனாலும் இயக்குநரின் கொள்கை மீது அந்த ஒரு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டது. அதுவே ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களைக் கோபத்தோடு எழுத வைத்தது.

சட்டம் கேட்கும் கேள்வி

அரசுகள் இதில் தலையிட்டது சூதாட்டம் என்ற வாசல் வழியாக. முதலில் விழித்தது ஜப்பான். குலுக்கலில் வரும் அட்டைகளை ஒரு தொகுப்பாக நிறைவு செய்தால்தான் பரிசு என்ற 'கம்ப்ளீட் கச்சா' முறை சட்டவிரோதம் என்று 2012 மே மாதம் நுகர்வோர் முகமை அறிவித்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் நான்கு ஆட்டங்களை ஆராய்ந்து, 'ஓவர்வாட்ச்', 'ஃபிஃபா 18', 'கவுண்டர் ஸ்ட்ரைக்' மூன்றின் லூட் பாக்ஸ்களும் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாகச் சொன்னது. நான்காவதான 'பேட்டில்ஃபிரண்ட் 2' தப்பியது. அதற்குள் அதில் பெட்டி விற்பனை நிறுத்தப்பட்டிருந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2019 தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஃபிஃபா பாயின்ட் விற்பனையை நிறுத்தியது. நெதர்லாந்தில் அதே நிறுவனத்துக்கு விதித்த 1 கோடி யூரோ அபராதத்தை 2022 மார்ச்சில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. பொதியைத் திறப்பது தனி ஆட்டம் அல்ல, திறமை சார்ந்த பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதி என்பது நீதிமன்றத்தின் கருத்து.

அந்தப் பொதியை ஒருமுறை கூர்ந்து பார்த்தால் இந்தத் தீர்ப்பின் போதாமை புரியும். காசு கொடுத்து பாயின்ட், பாயின்ட் கொடுத்துப் பொதி. பொதியைத் திறந்தால் ஒளி வெடிக்கும், வீரரின் நாட்டுக் கொடி வரும், ஆடும் இடம் வரும், அணியின் சின்னம் வரும், முகம் கடைசியில் வரும். அந்தச் சில நொடி எதிர்பார்ப்பு நுணுக்கமாகச் செதுக்கப்பட்டது. பெரும்பாலும் வேண்டாத வீரர்தான் வருவார். அப்படிச் சேர்த்த அணி அடுத்த ஆண்டின் ஆட்டத்துக்கு வராது. புதிய பதிப்பு வந்ததும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 7,400க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வந்தது. லூட் பாக்ஸில் அதிகம் செலவழிப்பவர்களுக்கும் சூதாட்டச் சிக்கலுக்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது. எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும், சூதாட்டச் சிக்கலில் இருப்பவர்கள் இதில் அதிகம் செலவழிக்கிறார்கள் என்பதே கவலைக்குரியது.

தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மி உயிர்களைக் குடித்ததை அடுத்து 2022இல் சட்டம் வந்தது, 2025இல் ஒன்றிய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இங்கு நடந்த விவாதம் முழுவதும் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைப் பற்றியதே. பணம் கட்டிப் பொம்மை வீரரை வெல்லும் ஆட்டத்தைப் பற்றி நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை. பேச வேண்டும். ஆனால் சூதாட்டச் சட்டம் மட்டும் போதும் என்று நினைத்தால் பாதிதான் பிடிபடும். குலுக்கலுக்கான வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொல்லலாம், தென்கொரியா 2024இலிருந்து அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் பந்தயப் பரிசைக் குறைத்துவிட்டு கிரெடிட் விற்பதில் குலுக்கலே இல்லை. எந்தச் சூதாட்டச் சட்டத்துக்கும் அது அகப்படாது.

கைப்பேசி உத்திகள் எல்லாம் தீண்டத்தகாதவை என்றும் நான் சொல்லவில்லை. 2024இல் 40 டாலருக்கு வந்த 'ஹெல்டைவர்ஸ் 2'இல் கைப்பேசி ஆட்டத்தின் அடையாளங்கள் நிறைய உண்டு. தனி நாணயம் இருக்கிறது, படிப்படியாகத் திறக்கும் பரிசுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த நாணயம் களத்திலேயே கிடைக்கிறது. புத்தகத்துக்குக் காலாவதி இல்லை, இன்று விட்டால் போய்விடும் என்ற பதற்றமும் இல்லை. விலையும் முழு விலை அல்ல. ஆயுதங்கள் அந்தப் புத்தகங்களில் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இருந்தாலும், ஆடுகிறவரின் நேரத்தை மதித்துச் செய்யலாம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

முழு விலை வாங்கிய ஆட்டத்தில் புதிய கதையை விற்கலாம், புதிய களத்தை விற்கலாம், உடையையும் வண்ணத்தையும் நாட்டுப் பணத்தில் விலை எழுதி விற்கலாம். நேரத்தையும் வலிமையையும் அதிர்ஷ்டத்தையும் விற்கக் கூடாது. விமர்சகர் ஆடும் நாளில் இல்லாத கடை பிறகு திறக்கக் கூடாது. வெளியான பின் ஆட்டக்காரரின் வரவு விகிதத்தை மாற்றினால், எதிலிருந்து எதற்கு என்று எண்ணோடு அறிவிக்க வேண்டும். இவை எதுவும் செய்ய முடியாத காரியங்கள் அல்ல. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமே 2023இல் முதல் 'டெட் ஸ்பேஸ்' ஆட்டத்தைப் புதிதாகச் செய்து 70 டாலருக்கு விற்றபோது, உள்விற்பனை அறவே இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தது.

அதுவரை வாங்குகிறவர் கையில் இருப்பது பொறுமைதான். பிள்ளைக்கு ஒரு பெரிய ஆட்டம் வாங்கித் தரப்போகும் பெற்றோர், வெளியான அன்றே வாங்காமல் ஒரு மாதம் பொறுங்கள். உறையிலும் இணையக் கடைப் பக்கத்திலும் உள்ளே விற்பனை உண்டா, அதில் குலுக்கல் உண்டா என்று போட்டிருக்கும், அதைப் படியுங்கள். பிள்ளையின் கன்சோல் கணக்கில் மாதச் செலவு வரம்பைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்படி வைத்தும் முழுதாக ஆட முடிகிற ஆட்டத்தை மட்டும் வாங்குங்கள்.